பின்னலும் பிணக்கும்: கறுப்பினப் பெண்களின் கூந்தற் கலை

ஒருவருடைய இனத்தைத் தீர்மானிப்பதற்கு ஒரு பென்சில் போதும் என்று கருதிய ஆட்சியொன்று அண்மைக் காலத்திலே இவ்வுலகில் நடைபெற்றது. தென்னாபிரிக்காவிலே 1950ஆம் ஆண்டில், குடிமக்கள் அனைவரையும் இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. ஒருவர் வெள்ளையரா, கலப்பினத்தவரா, கறுப்பரா என்னும் ஐயம் எழுந்தவிடத்து அதிகாரிகள் கையாண்ட உபாயங்களுள் ஒன்று பென்சிற் சோதனை. சோதிக்கப்படுபவரின் தலைமயிருக்குள்ளே ஒரு பென்சிலைச் செருகுவர். அது வழுக்கிக் கீழே விழுந்தால் அவர் வெள்ளையர். மயிரிடையே சிக்கி நின்றுவிட்டால் அல்லர். சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத இச்சோதனை ஒருவர் எங்கே வசிக்கலாம், எந்தப் பாடசாலையிற் படிக்கலாம், யாரை மணக்கலாம் என்பவற்றையெல்லாம் மாற்றவல்லதாக இருந்தது. வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்த சிறுமியொருத்தி, நிறத்தாலும் சுருண்ட மயிராலும் ஐயத்துக்காளாகி, 1966ஆம் ஆண்டிலே தன் பாடசாலையிலிருந்து பொலிசாரால் அழைத்துச் செல்லப்பட்டாள்; அவளுடைய இனப்பதிவும் மாற்றப்பட்டது. அச்சட்டம் 1991ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது.

பென்சிலைத் தாங்கி நிற்கும் அந்தக் கூந்தலைப் பற்றியே இங்கு நாம் சிறிது பேச விரும்புகின்றோம். அதனை எவ்வாறு பேணுகின்றனர், எவ்வாறு அலங்கரிக்கின்றனர் என்பது பெண்கள் பகுதிக்குரிய சிறு விடயம்போலத் தோன்றலாம். ஆயினும், அதற்காகச் சட்டசபைகளும் நீதிமன்றங்களும் கூடியுள்ளன என்பதை அறியும்போது, அது அவ்வளவு சிறிய விடயமன்று என்பது புலனாகும்.

முதலில் அதன் இயல்பைக் காண்போம். மயிர் முளைக்கும் குழி நேராக அமைந்தவிடத்து மயிர் நேராக வளர்கின்றது; குழி வளைந்திருப்பின் மயிரும் வளைந்து சுருள்கின்றது. ஆபிரிக்க வழிவந்த மக்கள் பலருடைய மயிரைக் குறுக்கே வெட்டி நுணுக்குக்காட்டியிற் பார்த்தால், வட்டமாக இராது நீள்வட்டமாக, ஓரளவு தட்டையாகக் காணப்படும். இவ்வமைப்பினால் அது கம்பிச்சுருள்போல நெருக்கமாகச் சுழன்று வளர்கின்றது. தலைத்தோலிலே ஊறும் இயற்கையான எண்ணெய், நேரான மயிரில் அடிமுதல் நுனிவரை எளிதாக வழிந்தோடும். சுருள்மயிரிலோ ஒவ்வொரு வளைவிலும் தடைப்பட்டு நின்றுவிடுகின்றது. நுனி வரண்டு போகின்றது. வளைவுகள் தோறும் மயிர் வலிமை குன்றியிருப்பதால், முரட்டுத்தனமாகச் சீவினால் அங்கேயே முறிகின்றது. பார்வைக்குக் கடினமானதுபோலத் தோன்றும் இக்கூந்தல் உண்மையில் மிக மென்மையானது. இந்த ஓர் உண்மையை அறிந்தவர்க்கு மற்றவையெல்லாம் தாமே விளங்கும்.

இதன் நீளத்தையும் கண்ணால் அளக்க முடியாது. நனைந்திருக்கும்போது தோளைத் தொடும் மயிர், உலர்ந்தவுடன் சுருங்கிக் காதளவில் வந்து நிற்கும். "இவர்களுக்கு முடி வளர்வதில்லை" என்று பிறர் பேசுவதற்கு இச்சுருக்கமும் முறிவுமே காரணங்கள். வளர்ச்சி நின்றுவிடுவதில்லை, வளர்ந்தது முறியாமற் காக்கப்படவேண்டும், அவ்வளவே.

ஆதலால், இயற்கைக் கூந்தலைப் பேணும் பெண்கள் உலர்ந்த தலையிற் சீப்பை வைப்பதில்லை. நீரில் நனைத்து, எண்ணெயோ வேறு குழைவான பசையோ பூசி, கூந்தலை நான்கு அல்லது ஆறு பகுதிகளாகப் பிரித்து முடிந்துகொள்வர். பின்னர் ஒவ்வொரு பகுதியாக அவிழ்த்து, அகன்ற பல்லுடைய சீப்பினாலோ விரல்களாலோ, நுனியிலிருந்து தொடங்கி அடியை நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுப்பர். அடியிலிருந்து நுனிக்குச் சீவுவது நம்மவர் பலருக்குப் பழக்கம். அங்கே அப்படிச் செய்தால் சிக்குகள் யாவும் நுனியிலே திரண்டு மயிர் அறுந்துபோகும். மேற்காபிரிக்காவிலே வளரும் கரிட்டே என்னும் மரத்தின் விதையிலிருந்து எடுக்கப்படும் வெண்ணெய்போன்ற கொழுப்பு இதற்குப் பெயர்பெற்றது. இரவிலே பட்டுத்துணியால் தலையைச் சுற்றிக்கொண்டு உறங்குவர்; பருத்தித் தலையணையுறை எண்ணெய்ப்பசையை உறிஞ்சி, உராய்ந்து, மயிரைத் தேய்த்துவிடும்.

அலங்கார வகைகளோ மிகப் பல. இரண்டு புரிகளைக் கயிறுபோல ஒன்றோடொன்று முறுக்குவது எளிய முறை. அம்முறுக்குகளை மறுநாள் அவிழ்த்தால் அலையலையான குழல் கிடைக்கும். தலைத்தோலோடு ஒட்டியவாறே வரிசை வரிசையாகப் பின்னிச் செல்வது இன்னொன்று. உழுத சோளவயலின் வரிசைகளை ஒத்திருப்பதால் அமெரிக்கர் அதனைச் சோளவரிசை என்றனர். கரும்புத் தோட்டங்கள் நிறைந்த கரீபியன் தீவுகளிலே அதற்குக் கரும்புவரிசை என்று பெயர். அப்பின்னலுக்குப் பெயர் தந்த வயல்களிலேதான் அவர்களுடைய முன்னோர் அடிமைகளாய் உழைத்தனர் என்பதையும் வாசகர் நினைவுகூரலாம். தலையைச் சிறு சிறு சதுரங்களாக வகிடெடுத்து ஒவ்வொன்றையும் தனிப் பின்னலாகத் தொங்கவிடுவதுமுண்டு. அவிழ்க்காமலே திரித்திரியாகத் திரளவிட்டு வளர்க்கும் சடைகளுமுண்டு. ஒன்றும் செய்யாது வட்டமாய் விரியவிட்டு, நீண்ட பல்லுடைய சீப்பினால் உயர்த்திவிடுவதே ஆபுரோ எனப்படுவது.

பின்னல் வெறும் அலங்காரம் மாத்திரமன்று. பின்னி வைத்த மயிர் பல நாட்கள் சீப்புப் படாமல், நுனி ஒடியாமல் பாதுகாக்கப்படுகின்றது. ஆனால் இழுத்து இறுக்கிப் பின்னுவது பெருந் தீங்கு. நெற்றியோரத்திலும் காதின் மேலும் மயிர் வேரோடு இழுபட்டு உதிர்ந்து, நாளடைவில் அவ்விடம் மீண்டும் முளையாமலே போய்விடலாம். பின்னி முடித்தபின் தலை வலித்தால் அது பின்னியவரின் பிழையென்றே கொள்ளவேண்டும். அழகுக்காகப் பொறுத்துக்கொள் என்று சிறுமிகளுக்குச் சொல்வது தகாது.

இக்கலை ஆபிரிக்காவிலே எத்துணை உயர்ந்து விளங்கியது என்பதை அறிய விரும்புவோர் ஒஜெய்க்கெரே என்னும் நைஜீரியப் புகைப்படக் கலைஞரின் படங்களைப் பார்த்தல் வேண்டும். அவர் 1930இற் பிறந்து 2014இல் மறைந்தவர். 1968ஆம் ஆண்டு தொடங்கி, தெருவிலும் திருமண வீட்டிலும் அலுவலகத்திலும் கண்ட பெண்களின் சிகையலங்காரங்களை, பெரும்பாலும் பின்புறமிருந்து, கறுப்பு வெள்ளையிலே படம்பிடித்தார். ஏறக்குறைய ஆயிரம் படங்கள் எஞ்சியுள்ளன. மயிர்ப் புரிகளைக் கறுப்பு நூலாற் சுற்றிக் கம்பிபோல் விறைக்கச் செய்து, வளைத்து, கோபுரம்போலக் கட்டியெழுப்பிய அலங்காரங்களை அவற்றிற் காணலாம். உயரமான வீடு என்று பொருள்படும் பெயருடையது ஒன்று. கூடை என்று பொருள்படும் சூக்கு மற்றொன்று. மயிரெல்லாம் உச்சியை நோக்கிப் பின்னப்பட்டு அங்கே கூடைபோலக் குவிந்திருக்கும். கூந்தலை ஐந்து வகையாக முடித்து ஐம்பால் என்று பெயரிட்ட மொழியைப் பேசும் நமக்கு, ஒவ்வோர் அலங்காரத்துக்கும் தனிப்பெயர் வைக்கும் யொருபா மக்களின் மனம் அந்நியமாகத் தோன்றவில்லை.

அடிமைக் கப்பலிலே ஏற்றப்பட்டவர்களோ சீப்பையும் எண்ணெயையும் நேரத்தையும் ஒருங்கே இழந்தனர். அமெரிக்கத் தோட்டங்களில் ஞாயிறு ஒன்றே ஓய்வுநாள். வாரம் முழுவதும் துணிக்கீற்றுகளாலோ நூலாலோ மயிரைச் சுற்றிக் கட்டி, மேலே ஒரு துணியால் மூடிக்கொண்டு வேலை செய்வர்; ஞாயிறன்று அவிழ்த்துச் சீவுவர். ஆட்டு உரோமம் சிக்கெடுக்கும் கம்பிப்பலகையே பலருக்குச் சீப்பாயிற்று.

அடிமைத்தளையினின்றும் விடுபட்ட பெண்களையும் சட்டம் விடவில்லை. லூசியானா அப்போது ஸ்பானியர் ஆட்சியில் இருந்தது. நியூ ஓர்லியன்ஸ் நகரத்துச் சுதந்திரக் கறுப்பினப் பெண்கள் தம் கூந்தலை இறகும் மணியும் கொண்டு அலங்கரித்து உலாவுவதைப் பொறாது, ஆளுநர் மீரோ 1786ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தார். அப்பெண்கள் தலையிலே ஆபரணம் அணியலாகாது; கூந்தலைத் துணியாற் கட்டி மறைக்கவேண்டும். பெண்கள் ஆணைக்குப் பணிந்தனர். பணிந்த முறையே வேறு. பளிச்சென்ற நிறமுடைய துணிகளைத் தேர்ந்து, மடிப்பு மடிப்பாக உயர்த்திக் கட்டி, மறைக்கச் சொன்ன துணியையே மகுடமாக்கிக்கொண்டனர்.

அத்துணிகளுட் சிறப்புற்றது எது தெரியுமா? மதராஸ் என்று இன்றும் பெயர் வழங்கும் கட்டம் போட்ட பருத்தித் துணி. சென்னைத் துறைமுகத்திலிருந்து ஐரோப்பிய வணிகரின் கப்பலேறி அத்திலாந்திக்கின் அக்கரை சேர்ந்தது. மார்த்தினிக், குவாதலூப், டொமினிக்கா, சென். லூசியா முதலிய தீவுகளில் இன்றைக்கும் விழா நாட்களிலே பெண்கள் அதனையே தலையிற் கட்டுகின்றனர். சோழமண்டலக் கரையிலே தறியில் நெய்தவனும், அடிமைத்தீவிலே தலையிற் கட்டியவளும் ஒருவரையொருவர் அறியார்.

அடிமைமுறை 1865இல் ஒழிந்த பின்னர் வேலை தேடி நகரங்களுக்கு வந்த பெண்களுக்கு வேறொரு கட்டளை காத்திருந்தது. அது எழுதப்படாத கட்டளை: மயிர் நேராக இருந்தால் "நல்ல மயிர்", சுருண்டிருந்தால் "கெட்ட மயிர்". நல்ல மயிர் உடையவளுக்கு வேலை எளிதிற் கிடைத்தது. எனவே, அடுப்பிலே இரும்புச் சீப்பைக் காய்ச்சி, கொழுப்புப் பூசிய மயிரை அதனால் இழுத்து நேராக்கும் வழக்கம் பரவிற்று. சமையலறையிலே தாய் சீப்புடன் நிற்க, காதை மடித்துப் பிடித்துக்கொண்டு மகள் அசையாது இருப்பாள்; அசைந்தால் சூடு. இத்தனை பாடுபட்டும், ஒரு மழைத்துளி பட்டாலும் வியர்த்தாலும் மயிர் மீண்டும் சுருண்டுவிடும். வெப்பம் மயிரின் உள்ளே தளர்ந்த பிணைப்புகளையே குலைக்கின்றது. நீர் பட்டவுடன் அவை பழையபடி கூடிவிடுகின்றன.

இக்காலத்தே தோன்றியவர்தாம் மேடம் வாக்கர் என்று புகழ்பெற்ற சாரா பிறீட்லவ். 1867ஆம் ஆண்டு லூசியானாவில், முன்னர் அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தார். ஏழு வயதிற் பெற்றோரை இழந்தார், பதினான்கில் மணமானார், இருபதிற் கைம்பெண்ணானார். சென். லூயி நகரிலே பல ஆண்டுகள் பிறர் துணி வெளுத்து மகளை வளர்த்தார். தம் தலைமயிர் உதிரத் தொடங்கியபோதே கூந்தற் பராமரிப்பில் அவருக்கு நாட்டம் பிறந்தது. அனி மலோன் என்னும் மற்றொரு கறுப்பினப் பெண்மணியின் தைலங்களை விற்றுத் தொழில் பழகி, பின்னர் தாமே தைலம் தயாரித்து விற்கலானார். இரும்புச் சீப்பைக் கண்டுபிடித்தவர் இவரே என்று பலர் எழுதுவது பிழை. அது இவருக்கு முன்னரே இருந்தது. மயிரை நேராக்குபவர் என்று தம்மை அழைப்பதையும் அவர் விரும்பவில்லை. தலையைத் தூய்மையாக வைத்து, தோலைப் பேணி, மயிரை வளர்ப்பதே தம் நோக்கம் என்றார். ஆயிரக்கணக்கான பெண்கள் அவருடைய முகவர்களாகிப் பிறர் வீட்டு வேலையினின்றும் விடுபட்டனர். 1917இல் பிலடெல்பியா நகரிலே அம்முகவர்களின் மாநாட்டைக் கூட்டினார். தைலம் விற்கும் பெண்கள் கூடிய அம்மாநாடு, கறுப்பினத்தவர்மேல் நிகழும் கொலைகளைத் தடுக்குமாறு ஜனாதிபதி வில்சனுக்குத் தந்தியடித்தது. தலைக்கு எண்ணெய் தேய்ப்பதற்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் இத்தந்தியை நினைத்துக்கொள்ளல் நன்று.

அடுத்து வந்தது இரசாயனம். கார்ரெற் மோர்கன் என்னும் கிளீவ்லாந்து நகரத்துக் கறுப்பினத் தொழிலாளர், தையல் இயந்திர ஊசிக்கு ஒரு திரவம் தயாரித்துப் பார்க்கையில், அது துணியின் மயிரிழைகளை நேராக்குவதைக் கண்டு அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார் என்பர். பிற்காலத்திலே பரவிய பசைகளுள் முக்கியமானது சோடியம் ஐதரொட்சைட், அதாவது சவர்க்காரம் காய்ச்ச உதவும் கடுங்காரம். அது மயிரின் உள்ளிருக்கும் கந்தகப் பிணைப்புகளையே அறுத்துவிடுகின்றது. ஆதலின் நேராகிய மயிர் மழைக்கும் சுருளாது. ஆனால் புதிதாக முளைப்பது சுருளாகவே முளைக்கும். ஆறு எட்டு வாரங்களுக்கொருமுறை மீண்டும் காரம் பூசவேண்டும். சற்றே தாமதித்துக் கழுவினால் தலைத்தோல் புண்ணாகும். இதைவிடப் பெரிய அச்சமும் பின்னர் எழுந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தினர் 33,497 பெண்களை ஏறக்குறைய பதினொரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2022ஆம் ஆண்டிலே முடிவை வெளியிட்டனர். மயிரை நேராக்கும் இரசாயனங்களை ஒருபோதும் பாவியாதோருள் எழுபது வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் உண்டாகும் வாய்ப்பு நூற்றுக்கு 1.64, அடிக்கடி பாவித்தோரிடையே நூற்றுக்கு 4.05. ஒன்று மற்றதற்குக் காரணமென்று இதனால் முற்றாக நிறுவப்பட்டுவிடவில்லை. ஆயினும், அலுவலகத்தில் ஒழுங்காகத் தோன்றவேண்டுமென்பதற்காக ஒருத்தி ஏற்கும் ஆபத்து அழகைப் பற்றிய பேச்சோடு நின்றுவிடுவதில்லை என்பது இவ்வெண்களாற் புலப்படும்.

காரத்தை விரும்பாதோர் பலர் பிறருடைய நீண்ட மயிரைத் தம் பின்னலோடு இணைத்துத் தைத்துக்கொள்கின்றனர். அம்மயிரிற் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து செல்கின்றது. திருப்பதியிலே நேர்த்திக்கடனாகப் பக்தர்கள் இறக்கும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு, கழுவித் தரம்பிரித்துக் கப்பலேற்றப்படுகின்றது. கிறிஸ் றொக் என்னும் நகைச்சுவை நடிகர், தமக்கு ஏன் நல்ல மயிர் இல்லை என்று தம் சிறுமகள் கேட்ட கேள்வியால் உந்தப்பட்டு 2009இல் வெளியிட்ட படத்தில் இவ்வியாபாரத்தைக் காட்டினார். முன்பு துணி சென்றது. இப்போது முடியே செல்கின்றது. அகந்தையைத் துறப்பதற்காக ஒருத்தி மழித்துக்கொண்ட கூந்தலை, மதிக்கப்படுவதற்காக இன்னொருத்தி பெருவிலை கொடுத்து வாங்குகின்றாள். இருவரிலும் குற்றங்காண நமக்கு மனமில்லை.

இவ்வெல்லாவற்றையும் மறுத்து, முளைத்தபடியே கூந்தலை வைத்துக்கொள்வோம் என்ற குரல் முன்பும் ஆங்காங்கே எழுந்ததுண்டு. அது மேடையேறிய நாள் 1962ஆம் ஆண்டு ஜனவரி 28 எனலாம். நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியிலே, குவாமே பிராத்வெயிற் என்னும் புகைப்படக் கலைஞரும் அவர்தம் தோழரும் ஓர் அழகுக்காட்சி நடத்தினர். அதிற் பங்குபற்றிய கறுப்பினப் பெண்கள் நேராக்காத கூந்தலோடு, முகவெண்மை பூசாது மேடையில் நடந்தனர். ஒருமுறை நடத்த எண்ணியது, மக்கள் திரளைக் கண்டு ஆண்டுதோறும் நடத்தப்படலாயிற்று. 1970இல் பேராசிரியை அஞ்செலா டேவிசைத் தேடி அமெரிக்கப் பொலிசார் ஒட்டிய விளம்பரத்தாள் அவருடைய வட்டக் கூந்தலை உலகெங்கும் அறிமுகப்படுத்தியது. அவர் 1972இற் குற்றமற்றவரென விடுதலையானார். ஆனால் அக்கூந்தலை உடைய வேறு பல பெண்கள் அவரென்ற ஐயத்திலே தெருக்களில் மறிக்கப்பட்டனர்.

உத்தியோகத்திலே பழைய அளவுகோலே நீடித்தது. 1981ஆம் ஆண்டில் நியூயோர்க் நீதிமன்றமொன்றில், விமானக் கம்பனியொன்றின் கறுப்பினப் பெண் ஊழியர் தமது வரிசைப்பின்னலைத் தடைசெய்யும் விதியை எதிர்த்து வழக்காடித் தோற்றார். பின்னல் பிறவியில் வருவதன்று, கையாற் செய்வது. வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்பது தீர்ப்பின் சாரம். அன்றியும், சிறிது காலத்துக்கு முன் வெளிவந்த திரைப்படமொன்றில் வெள்ளைநடிகை ஒருவர் அப்பின்னலைப் பிரபலமாக்கினார் என்பதும் அங்கே எடுத்துரைக்கப்பட்டது! தலைமுறை தலைமுறையாகத் தாய்மார் பின்னிவந்ததை, நடிகை பார்த்து அணிந்தவுடன், அவளிடமிருந்து கற்றதாகக் கூறுவது விந்தையிலும் விந்தை.

தென்னாபிரிக்காவிலும், இனச்சட்டம் ஒழிந்து கால் நூற்றாண்டு சென்றபின், 2016ஆம் ஆண்டு ஆகஸ்டிலே, பிரிட்டோரியா நகரத்தில் முன்னர் வெள்ளையருக்கே உரியதாயிருந்த பெண்கள் பாடசாலையொன்றின் மாணவியர் தம் கூந்தலை அடக்கி ஒழுங்காக்குமாறு ஆசிரியர் வற்புறுத்துவதை எதிர்த்து நின்றனர். மாகாணக் கல்வியமைச்சர் அவ்விதியை நிறுத்திவைத்தார்.

நாமும் கல்லூரியிலே மாணாக்கரின் தோற்ற ஒழுங்கைக் கவனிக்கும் கடமையுடையோமே. விதியே வேண்டாமென்பது நம் கருத்தன்று. தலை தூய்மையாயிருத்தல் வேண்டும், கண்ணை மறைத்தலாகாது, இயந்திரத்தருகே அவிழ்ந்து தொங்கலாகாது என்னும் விதிகளுக்குக் காரணம் உண்டு; எந்தத் தலைக்கும் அவை பொருந்தும். "சீராக" என்று மாத்திரம் எழுதி வைத்துவிட்டால், அதனை எழுதியவரின் தலைமயிரே அளவுகோலாகிவிடுகின்றது. பின்னிய தலை சீர் அல்லவென்றும், பின்னாது விட்ட தலையும் சீர் அல்லவென்றும் கூறப்பட்டால் அம்மாணவி எங்கே போவாள்? காரத்திடம்தான் போகவேண்டும்.

இக்கேள்விக்கு முதலில் விடையளித்த அமெரிக்க மாநிலம் கலிபோர்ணியா. மயிரின் இயல்பையோ, பின்னல், முறுக்கு, சடை முதலிய அலங்காரங்களையோ காரணமாகக் கொண்டு வேலையிலும் பாடசாலையிலும் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் சட்டம் அங்கே 2019ஆம் ஆண்டு யூலை மாதத்திற் கையொப்பமாயிற்று. அதனைப் பின்பற்றி இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் சட்டமியற்றின. நாடு முழுவதற்குமான சட்டமூலம் 2022இல் கீழ்ச்சபையில் நிறைவேறியபோதும் மேற்சபையைத் தாண்டவில்லை.

அதே 2019ஆம் ஆண்டிலே வெளிவந்து அடுத்த ஆண்டு ஒஸ்கார் பரிசு பெற்ற "ஹெயார் லவ்" என்னும் ஏழு நிமிடச் சித்திரப்படத்தை வாசகர் தம் பிள்ளைகளோடு பார்க்கலாம். தாய் மருத்துவமனையில் இருக்க, மகளின் அடர்ந்த கூந்தலைத் தந்தை முதன்முறையாகச் சீவ முயல்கின்றார். அக்கூந்தல் அவருக்குக் குத்துச்சண்டை மேடையிலே எதிரில் நிற்கும் மல்லனாகத் தோன்றுகின்றது. அவர் தோற்றுத் தொப்பியை எடுத்து மகளின் தலையை மூடப் பார்க்கின்றார். மகள் அழுகின்றாள். பின்னர், தாய் முன்பு பதிவு செய்து வைத்த விளக்கத்தைக் கேட்டு, நீர், எண்ணெய், வகிடு, முறுக்கு என ஒவ்வொன்றாகப் பழகி அலங்காரத்தை முடிக்கின்றார். இருவரும் மருத்துவமனைக்குச் செல்கின்றனர். நோயினாற் கூந்தலை இழந்து துணியால் தலையை மூடியிருக்கும் தாய், மகளின் தலையைப் பார்த்தபின், தன் தலையிலிருந்த துணியைத் தானே எடுத்துவிடுகின்றாள்.